திங்கட்கிழமைக்குள் ஓட வேண்டிய வேன்

டார்க் ரெஞ்சு 'டக்' என்று சத்தம் கொடுத்ததும் சாரா கையை எடுத்துக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு இழுப்புகூடக் கூடாது என்று மெக்கானிக் கருப்பண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அது சாதாரண ஸ்பேனர் இல்லை. எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று கைப்பிடியில் வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் அதுவே சொல்லிவிடும். எஞ்சினின் மேல்பாதியான ஹெட்டையும் கீழ்ப்பாதியான பிளாக்கையும் சேர்த்துப் பிடிக்கிற போல்ட்களில் இதுதான் கடைசி, பின்பக்க மூலையில் இருப்பது. மற்றதெல்லாம் முக்கி முனகித்தான் இறுகின. இது மட்டும் சமர்த்தாகச் சீக்கிரமே 'டக்' என்றது. இதுவாவது பாடாய்ப் படுத்தாமல் உட்கார்ந்ததே என்று அதன் மேல் அவளுக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது.

பழைய ஆம்னி வேனில் எஞ்சின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில். சீட்டைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, ஓட்டுநரின் பின்பாகம் இருக்க வேண்டிய இடத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து சாரா அப்படித்தான் கிடந்தாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. நகத்துக்குள் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் போகவில்லை. கணவன் கிறிஸ்டோ மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, களத்தில் காயும் மிளகைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனான். போகும்போது வேனை அவன் பார்த்த பார்வை, இழவு வீட்டைக் கடந்து போகிறவன் பார்வை.

இத்தனைக்கும் ஹெட் கேஸ்கட்டைப் போக்கியவனே அவன்தான். பண்டிகைச் சாமான் வாங்கிக்கொண்டு குப்பனூர் வழியாக மலை ஏறும்போது, நான் ஓட்டுகிறேன் என்று ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டான். எஸ்டேட்டில் ரைட்டர் வேலை பார்ப்பவனுக்குக் கூலி ஆட்களை விரட்டுகிற மாதிரியேதான் வண்டியையும் விரட்டத் தெரியும். சூடு காட்டும் முள் மேலே ஏறுகிறது, நிறுத்துங்கள் என்று சாரா சொன்னாள். ஊடு போய்ச் சேர்ந்துரலாம் என்றான். சேரத்தான் செய்தார்கள், வேனை ஒரு ஜீப்பின் பின்னால் கட்டிக்கொண்டு. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கிற மெல்லிய தகடான அந்தக் கேஸ்கட் வெந்து, தண்ணீரும் ஆயிலும் ஒன்றோடொன்று கலந்து, ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் பால் அதிகமாகிப்போன காபி நிறத்தில் வழிந்தது.

அதற்கப்புறம் கிறிஸ்டோவுக்கு வேன் ஆகாமல் போய்விட்டது. காயலான்கடைக்குப் போட்டுவிடலாம், சேலத்தில் ஆள் பார்த்து வைத்திருக்கிறேன், எஸ்டேட் ஆபீசில் உனக்கு ஒரு வேலைக்குச் சொல்கிறேன் என்றான். பள்ளிக்கூடம் திறக்கிற திங்கட்கிழமைக்குள் வேன் ஓடாவிட்டால் அந்த ஆளை வரச் சொல்லிவிடுவேன் என்று கெடுவும் வைத்தான். கரடியூரிலிருந்தும் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றி ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவதுதான் சாராவின் வேலை. அதில் வரும் வரும்படி பெரிதில்லை. ஆனால் காலையில் அந்தக் கதவை இழுத்து மூடிவிட்டு முதல் கியர் போடும் நேரத்தில் அவள் யாருடைய மனைவியும் இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. இதை கிறிஸ்டோவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அதற்கும் ஒரு சிரிப்பு சிரிப்பான்.

கருப்பண்ணன் ஊரில் இருந்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை. அவரோ மாலை போட்டுச் சபரிமலைக்குக் கிளம்பிவிட்டார். கிளம்புவதற்கு முன்னால் அவளை உட்காரவைத்து எதை எப்படிக் கழற்ற வேண்டும், எதை எந்த வரிசையில் மாட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவர் மனைவி அமுதா டார்க் ரெஞ்சைத் துணியில் சுற்றிக்கொண்டுவந்து கொடுத்தாள். கழற்றிய ஹெட்டை ஒரு சாக்கில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸிலேயே சேலம் போய், லேத்துப் பட்டறையில் அதன் அடிமுகத்தைத் தேய்த்துச் சமமாக்கி, புது கேஸ்கட்டும் வாங்கிவந்தாள் சாரா. உங்களுக்கு டிக்கெட் வேண்டாம், மூட்டைக்குத்தான் வேண்டும் என்று கண்டக்டர் சொன்னபோது பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றைக்கு அவளுக்குத் தெம்பு இருந்தது.

இப்போது மிச்சத்தையும் மாட்டி, ஆயிலும் தண்ணீரும் ஊற்றி, சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமிக்கொண்டு கிடந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. சாராவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியே ஓடவிட்டுச் சூடேறும்வரை பக்கத்திலேயே நின்றாள். ரேடியேட்டர் வாயில் எட்டிப் பார்த்தாள். முதலில் ஒரு குமிழ் வந்தது. காற்று அடைத்திருக்கும், போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம் உலை கொதிக்கிற மாதிரி குமிழ் குமிழாகக் கிளம்பித் தண்ணீர் வெளியே வழிந்தது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை. அவள் ஒன்றும் புதிதாகப் பார்க்கவில்லை, கிறிஸ்துமஸுக்கு முன்னால் பார்த்த அதே குமிழ், அதே புகை. சாவியைத் திருப்பி நிறுத்தினாள். கையிலிருந்த துணியைத் தரையில் ஓங்கி அடித்தாள். பிறகு அதையும் அவளேதான் குனிந்து எடுத்தாள்.

பூசை முடிந்து வந்த கிறிஸ்டோ புகையைப் பார்த்துவிட்டுக் களத்தோரமே நின்றான்.

"இது ஊட்ல வெச்சுப் பாக்குற வேலையில்லைன்னு நாந்தான் அன்னிக்கே சொன்னனே" என்றான்.

"அன்னிக்கு முள்ளு மேல ஏறுறப்ப என்னுங்க சொன்னீங்க?"

அவன் சட்டையைக் கழற்றி மாட்ட உள்ளே போய்விட்டான்.

கருப்பண்ணனுக்குப் போன் போட்டுப் போட்டு, மதியம்தான் கிடைத்தார். பம்பையில் இருக்கிறாராம், சுற்றிலும் ஒரே சரண கோஷம். சாரா காதை அடைத்துக்கொண்டு நடந்ததெல்லாம் கத்திச் சொன்னாள். அவர் ஹெட்டைப் பற்றிக் கேட்டார், கேஸ்கட் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கேட்டார், போல்ட் வரிசையைக் கேட்டார். எல்லாம் சரியாகவே செய்திருந்தாள். கடைசியில்தான் அதைக் கேட்டார்.

"போல்ட் ஓட்டைக்குள்ளெல்லாம் தொடச்சியா கண்ணு? அடியில எதாச்சும் கெடந்தா போல்ட்டு அதும்மேல போய் முட்டிக்கும். ரெஞ்சு டக்குனு சொல்லிரும், ஆனா ஹெட்டு இறுகியிருக்காது."

தொடச்சேனுங்ணா என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். துடைத்தது உண்மைதான். வெள்ளிக்கிழமை துடைத்தாள். ஹெட்டை மேலே வைத்ததோ நேற்று சாயங்காலம். நடுவே நேற்று மதியம் ஒன்று நடந்திருந்தது.

நேற்று மதியம் பிளாக்கின் மேல் பழைய போர்வையை மூடிவிட்டு, ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று மலை இருண்டு, மூடுபனி சாரலோடு சேர்ந்து இறங்கியது. "மொளகு, மொளகு" என்று கிறிஸ்டோ கத்தினான். இந்த மலையில் அந்தச் சத்தம் கேட்டபின் கையில் என்ன வேலை இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. அடுப்பில் கிடப்பதை விட்டுவிட்டு ஓடுவார்கள், குளித்துக்கொண்டிருப்பவர்கள் பாதியில் ஓடுவார்கள். காய்ந்த மிளகு நனைந்தால் பூசணம் பிடித்துவிடும். சாராவும் ஓடினாள். தார்ப்பாயின் இரண்டு முனையை அவள் பிடிக்க, மறு முனைகளை அவன் பிடித்தான். பக்கத்தில் கூரை என்று இருந்தது வேன்தான். கதவைத் தள்ளிவிட்டு அப்படியே உள்ளே இழுத்துப் போட்டார்கள். ஒரு முனை நழுவி மிளகு வேன் முழுக்க உருண்டது. போர்வையும் ஒரு பக்கம் விலகியிருந்தது. மழை விட்டதும் தரையெல்லாம் கூட்டி அள்ளினாள். பிஸ்டன் தலைகளில் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். போல்ட் ஓட்டைகளை நினைக்கவே இல்லை.

மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினாள். அந்தச் சமர்த்துப் போல்ட்டைத்தான் முதலில் உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நுனியில் சாம்பல் நிறத்தில் மாவு அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள், அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. தும்மல் சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்த கிறிஸ்டோ, போல்ட்டை வாங்கி முகர்ந்துவிட்டுச் சிரித்தான். இந்த ஒரு வாரத்தில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"மொளகு மொளகுன்னு கத்துனது யாருங்க?" என்றாள் சாரா.

"நாங் கத்துனா? எனக்கு முன்னால ஓடியாந்தது நீதான?"

அதுதான் அவளைச் சுட்டது. அவன்மேல் போட்டுவிட முடியாது. கூப்பிட்டது அவன், ஓடியது அவளுடைய கால், கதவைத் தள்ளியது அவளுடைய கை. சிறு வயதிலிருந்து மிளகுக்கு ஓடிப் பழகிய கை கால்கள், சொந்த வேனையே காவு கொடுத்துவிட்டு வந்து நிற்கின்றன. கொக்கிக் கம்பியில் துணியைச் சுற்றி அந்த ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தாள். நசுங்கிய மிளகு வந்துகொண்டே இருந்தது. சைக்கிள் பம்பை வைத்து அடித்தாள். அதற்கும் வந்தது. ஓட்டை சுத்தமானபோது அவளுக்குத் திட்டுவதற்குக்கூட ஆள் மிச்சமில்லை.

ஓட்டையைச் சுத்தம் பண்ணிவிடலாம், கேஸ்கட்டை என்ன செய்வது? ஒரு தடவை நசுங்கி எடுத்தால் எடுத்ததுதான், மறுபடி போட முடியாது. ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் உதிரிபாகக் கடை எதுவும் திறந்திருக்காது. சமையற்கட்டில் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, நாளைக்குச் சாயங்காலம் வாங்க என்று கிறிஸ்டோ போனில் யாரிடமோ சொல்வது கேட்டது. யார் என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் போய், புது கேஸ்கட் வாங்கி வந்து, சாயங்காலத்துக்குள் மாட்டி எஞ்சினை ஓடவிட வேண்டும். முடியுமா என்று யோசிக்கப் பயமாக இருந்தது. அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. பிள்ளைகளை ரோட்டில் நிற்கவைக்க முடியாது. அவள் ராஜ்குமாருக்குப் போன் செய்தாள். போன வருஷம் புது வண்டி வாங்கி, அவளுடைய பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் போய்ப் பேசிப் பார்த்துக்கொண்டிருப்பவன் அவன். வேன் தயாராகிவிடும் என்று பெற்றவர்களிடம் இத்தனை நாள் சொல்லிவந்ததை அவளே உடைத்து, நாளைக்கு ராஜ்குமார் வண்டிதான் வரும் என்று ஒவ்வொரு வீடாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் ராஜ்குமாரின் வண்டி முக்கில் வந்து நின்றது. கதவை இழுக்கும்போது சத்தமே இல்லை, அதுவும் சாராவுக்குப் பிடிக்கவில்லை. அவளே பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றிவிட்டாள். யாருக்கு யாரோடு ஆகாது, யார் பையைப் பிடுங்குவான் என்பதெல்லாம் அவளுக்குத்தானே தெரியும். கவிப்பிரியா கடைசியாக நின்றாள். மலைக்காட்டில் விவசாயம் பார்க்கும் வீட்டுப் பெண், வளைவு திரும்பினால் வயிறு தாங்காது.

"ராஜ்குமாரு, இவள ஜன்னலோரம் உக்கார வெய்யி. நடுவுல உக்காந்தா கொடலப் பொறட்டிக்கும். மெதுவாத் திருப்பு."

"சரிங்க்கா. உங்க வண்டி ரெடியாகற வரைக்குந்தானுங்க" என்றான் ராஜ்குமார். மரியாதையாகத்தான் சொன்னான். அந்த 'வரைக்கும்' எவ்வளவு நீளக்கூடும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. கவிப்பிரியா ஒரு கேள்வியும் கேட்காமல் ஏறிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

வண்டி கிளம்பிய சூட்டிலேயே, ஏற்காடு வழியாகச் சேலம் போகும் பஸ் வந்துவிட்டது. முன் சீட்டில் இடம் கிடைத்தது. அடுத்த வளைவிலேயே ராஜ்குமாரின் வண்டியை பஸ் பிடித்துவிட்டது. முந்த இடமில்லாத ரோடு, டிரைவர் பின்னாலேயே ஓட்டினார். பின் கண்ணாடிக்குள் பிள்ளைகளின் தலைகள் ஆடிக்கொண்டிருந்தன. சாரா முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். வழக்கமாக கவிப்பிரியாவுக்காக நிறுத்துகிற வளைவு வந்தது. வண்டி நிற்கவில்லை. அதற்கடுத்தது, சில்வர் ஓக் மரங்கள் நெருங்கி நிற்கிற இடம், வந்தது. அங்கும் நிற்கவில்லை. எத்தனையோ தடவை அந்தக் குழந்தையின் நெற்றியைப் பிடித்துவிட்டிருக்கிறாள், சீட்டைக் கழுவியிருக்கிறாள், புலம்பியிருக்கிறாள். இன்றைக்கு அவள் நினைத்தது வேறு. ஒரே ஒரு தடவை நிற்கட்டும். அந்தக் குழந்தை இறங்கிக் குனியட்டும், ராஜ்குமார் என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கட்டும். நினைத்த மறுகணமே சீ என்று இருந்தது. ஒரு பச்சைப் பிள்ளை வாந்தி எடுக்க வேண்டும் என்று காத்திருக்கிற நிலைமைக்கு வந்தாயிற்றா? ஆனாலும் கண் அந்த வண்டியை விட்டு நகரவில்லை.

கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். சேலம் என்றாள், திரும்பிப் பார்க்காமலே. முன்னால் ராஜ்குமார் வண்டியின் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. சாரா சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். வண்டி வளைவுக்காக வேகத்தைக் குறைத்தது, மெதுவாகத் திரும்பியது, மறுபடி வேகம் எடுத்தது. ஜன்னலிலிருந்து கவிப்பிரியாவின் கை வெளியே நீண்டிருந்தது. விரல்களை விரித்து, எதிர்க்காற்றைப் பிடிப்பதும் விடுவதுமாக அது விளையாடிக்கொண்டு போனது.