உன் இஷ்டம்

...இஷ்டமாம் இஷ்டம், எங்கே கற்றுக்கொண்டான் இந்த வார்த்தையை, பூஸ்டர் ஊசி போடலாமா வேண்டாமா என்று நேற்று முழுக்க அவள் அவன் பின்னாலேயே போய்க் கேட்டாளே, போடு என்றோ போடாதே என்றோ ஒரு தடவையாவது வாயைத் திறந்தானா, சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே உன் இஷ்டம் என்றான், குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்தும் உன் இஷ்டம் என்றான், இஷ்டம் என்றால் ஆசை என்றல்லவா அர்த்தம், ஒன்றரை வயசுப் பிள்ளையின் தொடையில் ஊசி ஏற்ற யாருக்காவது ஆசை வருமா, பழி என்று சொல்லக் கூச்சப்பட்டு இஷ்டம் என்கிறான், உன் பழி, அவ்வளவுதான்... மடியில் சின்னவள் அவள் கைப்பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மருத்துவமனையின் மாடிக் கூடத்தில் நாற்காலிகள் எல்லாம் ஒன்றோடொன்று கம்பியால் இணைத்தவை, ஒருவர் கால் ஆட்டினால் வரிசையே ஆடியது. வண்டியை நிழலில் விட்டுவிட்டு வருகிறேன் என்று கீழே போன புருஷனை இன்னும் காணோம். நிழல் என்ன அடுத்த ஊரிலா இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை அவள் 'நீங்க' என்றுதான் பேசுவாள், நாலு பேர் எதிரில் மரியாதைக்கு ஒரு குறையும் வைத்ததில்லை, உள்ளே மட்டும் அவன் எப்போதோ 'இவன்' ஆகிப் போயிருந்தான்.

எப்போது என்று கேட்டால் அவளுக்குத் தெரியும், பெரியவளுக்கு இதே வயசில் இதே ஊசி போட்ட அன்றைக்கு. சாயங்காலம் காய்ச்சல் ஏறி, கண் மேலே சொருகி, கை கால் வெட்டி, வாயோரம் நுரை... இந்த நாலையும் அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூட வாசலில், சொல்லும்போதெல்லாம் கேட்கிறவர்கள் முகம் மாறும், ஐயோ பெத்த வயிறு என்ன பாடு பட்டிருக்கும் என்பார்கள், பட்டதுதான். பெரியவளுக்கு அப்புறம் ஒன்றும் இல்லை, இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் வாய் மூடாமல் பேசுகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டு அனுப்புகிறார். ஆனால் நாத்தனார் விடுவாளா, தினம் ஒரு வாய்ஸ் மெசேஜ், என் பிள்ளைங்க மூணு பேருக்கும் ஒண்ணும் போடலைம்மா, கல்லு மாதிரி இருக்காங்க, சாமி பாத்துக்கும்... சாமி பார்த்துக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது, இவளும்தான் விளக்கேற்றிக் கும்பிடுகிறாள், ஆனால் சாமியை வாட்ச்மேன் வேலைக்கு வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டுத் தூங்குகிற பக்தியை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது. சுற்றி இருக்கிற அத்தனை பிள்ளைகளும் ஊசி போட்டுக்கொண்டதால் நாத்தனார் பிள்ளைகள் கல்லு. எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்கு இந்த ஊசி தடுக்கிற கக்குவான் வந்து, இருமி இருமி மூச்சு நின்று, உதடு நீலமாகி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்களே, அந்தக் குழந்தைக்கு இன்னும் ஊசி போடும் வயசே வரவில்லை, யார் வீட்டுக் கல்லு அதன் மேல் இருமியதோ... அப்படியும் இவள் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, கண் மேலே சொருகினால், மறுபடியும் சொருகினால்?

அந்தப் பக்கம் ஒரு அப்பன் போனை உயர்த்திப் பிடித்துப் பக்கத்து ஆளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான், நான் நிறைய ரிசர்ச் பண்ணியிருக்கேன் சார், இதெல்லாம் பெரிய வியாபாரம். வந்துவிட்டார் விஞ்ஞானி. கட்டை விரலால் மேலே தள்ளுவதற்குப் பேர் ரிசர்ச். ஊசி வியாபாரம் என்கிறவன் பிள்ளைக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு ஏன் உட்கார்ந்திருக்கிறான், வீட்டில் பெண்டாட்டி திட்டுவாள், வேறென்ன. இவள் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க இப்படிப்பட்டவர்களைத்தானே பார்க்கிறாள், லென்ஸை மாற்றி மாற்றி வைத்து இது தெளிவா இருக்கா, இதுவா என்று கேட்டால், நீங்களே பாத்துச் சொல்லுங்க மேடம் என்பார்கள், கண் அவர்களுடையது, பார்வை அவர்களுடையது, சொல்ல வேண்டியது மட்டும் இவள், நாளைக்குத் தலை வலித்தால் சண்டைக்கு வர ஒரு ஆள் வேண்டுமே... நர்ஸ் எட்டிப் பார்த்து அடுத்தது யாரும்மா என்றாள். இவள் முறைதான். பக்கத்தில் ஒரு பெண் அழுகிற பிள்ளையைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள், நீங்க முன்னாடி போங்க, பாவம் குழந்தை அழுறானே என்றாள் இவள். அந்தப் பெண் கண் கலங்க, ரொம்ப நன்றிக்கா என்று உள்ளே போனாள். இவளுக்குள் இதமாக இருந்தது, ஒரு சின்ன உதவி, மனுஷனுக்கு மனுஷன் செய்ய வேண்டியது. அடுத்து ஒரு வயசானவர் பேரனோடு நின்றார், நீங்க போங்க ஐயா, எனக்கு அவசரமில்ல. அடுத்து விஞ்ஞானியின் டோக்கன். நீங்களும் போங்க சார்... சொன்ன பிறகுதான் நாக்கில் கசந்தது. விஞ்ஞானி மேல் இவளுக்கு எங்கிருந்து வந்தது இந்தக் கருணை? எல்லோரையும் முன்னால் தள்ளிவிட்டுக் கடைசியில் நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு, டாக்டர் கிளம்பிட்டாங்கம்மா, இன்னொரு நாள் வாங்க என்று சொல்ல வேண்டும், அதைத்தானே இவளுக்குள்ளே ஒருத்தி உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருக்கிறாள். நல்ல உதவி. கீழே நிழல் தேடுகிறவன் ஒருத்தன், மேலே புண்ணியம் தேடுகிறவள் ஒருத்தி. தூ என்றிருந்தது.

எழுந்து, நான்தான் அடுத்தது சிஸ்டர் என்று உள்ளே போனாள். டாக்டரம்மா சின்னவளின் நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டே பெரியவளுக்கு வந்ததைக் கேட்டுக்கொண்டு சொன்னார், ஊசியால காய்ச்சல் வரலாம், காய்ச்சலால சில பிள்ளைங்களுக்கு வலிப்பு வரும், அக்காவுக்கு வந்திருந்தா இவளுக்கும் வர கொஞ்சம் வாய்ப்பு இருக்கு, பாக்கப் பயமாத்தான் இருக்கும், ஆனா பெரும்பாலும் அதோட போயிடும். வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்மா. இதென்ன டாக்டர், படித்தவள் அதட்டிப் போடு என்று சொல்ல வேண்டாமா, இவளும் கையை விரிக்கிறாளே... ஆனா அக்காவுக்கு வந்தது எப்படின்னு தெரிஞ்சா நல்லது, என்றார் டாக்டரம்மா, ரெண்டு பக்கமும் வெட்டுச்சா, ஒரு பக்கம் மட்டுமா? எவ்வளவு நேரம்? முடிஞ்சதும் உங்களை அடையாளம் தெரிஞ்சுதா?

அவள் வாயைத் திறந்தாள். கண் மேலே சொருகி, கை கால் வெட்டி... அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எந்தக் கை? எவ்வளவு நேரம்? அந்த நாலு வார்த்தைக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது, ஏனென்றால் அன்றைக்குச் சாயங்காலம் அவள் கடையில் யாருக்கோ லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாள், போன் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது பெரியவள் கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள், எல்லாம் முடிந்திருந்தது. பார்த்தது அவள் இல்லை. கண் சொருகியது, நுரை, வெட்டியது, எல்லாம் அவன் சொன்னது, வாங்கி வைத்துக்கொண்டு இத்தனை காலம் தன்னுடையது போல ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்... அவங்க அப்பாதான் இருந்தாரு டாக்டர், என்றாள், கூப்பிடறேன்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை, அவர் கதவுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார், எப்போது வந்தாரோ. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற கை, எண்ணெய்க் கறை நகத்தோடு முன்னால் கோத்திருந்தது. டாக்டரம்மா கேட்கக் கேட்க ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னார், ரெண்டு பக்கமும்தான் மேடம், இடது கை முதல்ல, அப்புறம் எல்லாமே. அடுப்புல பால் வச்சிருந்தேன், அது பொங்கறதுக்குள்ள நின்னுடுச்சு. முழிச்சதும் என் காதைத் தேடிப் பிடிச்சா, அவ தூக்கம் வந்தா காதைப் பிடிப்பா. சொல்லிவிட்டு ஒரு அடி உள்ளே வந்தார். மேடம், ஒண்ணு கேக்கலாமா... கீழ் வீட்டம்மா ஓடி வந்து, வாயில கரண்டி வை, நாக்கைக் கடிச்சுக்கும்னு கத்துனாங்க. நான் வைக்கல. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு சும்மா பக்கத்துல இருந்தேன். அது தப்பா?

தப்பா? வாயில எதையும் வைக்கவே கூடாது, அங்க நான் இருந்திருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன், என்றார் டாக்டரம்மா சாதாரணமாக, ஊசி மருந்தைக் கையிலெடுத்துக்கொண்டே, பிடிச்சுக்கோங்க அப்பா.

பிடித்துக்கொண்டார். சின்னவள் கட்டடம் அதிர அழுதாள், அவர் சரி சரி சரி என்றார், யாருக்குச் சொன்னாரோ, தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கியதை அவள் பார்த்தாள், ஏதோ பாரத்தை இறக்கி வைத்த கூலிக்காரன் தோள் மாதிரி. ஒரே ஒரு வாக்கியம், அதற்காகவா இந்த மனுஷர் இவ்வளவு காலம் காத்துக்கொண்டிருந்தார், அதை யாராவது சொல்லியிருக்கலாமே, வீட்டிலேயே ஒருத்தி இருந்தாளே... சரியா செஞ்சேனா என்று தெரியாதவர் அடுத்த பிள்ளைக்கு எந்த வாயால் போடு என்பார், போடாதே என்பார். அப்படியென்றால் நேற்று கேட்டபோதே அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று இன்னொரு பக்கம் எரிச்சலும் வந்தது, வராமலா போகும், வருஷக்கணக்காகப் பழகிய எரிச்சல்.

படியிறங்கும்போது சின்னவள் விசும்பல் அடங்கி அவர் தோளில் சாய்ந்திருந்தாள். இன்றைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் நான் இருக்க வேண்டும், இவனை நம்ப முடியாது என்றுதான் அவள் கடைக்கு லீவு சொல்லியிருந்தாள். வந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாதே. எந்தக் கை முதலில், எப்போது பயப்பட வேண்டும், எப்போது சும்மா பக்கத்தில் இருக்க வேண்டும்... நீங்க வேலைக்குப் போக வேண்டாம், கூட இருங்க. சொல்ல வேண்டியது அவ்வளவுதான், சின்ன வாக்கியம். ஆனால் அதையும் அவள் சொன்னால் அதட்டலாகத்தான் அவர் காதில் விழும், அவரிடம் பேச அவளிடம் இருந்தது அந்த ஒரு குரல்தானே, வேறொன்று இருந்ததா, இருந்தால் அது எங்கே... அவர் கீழ்ப்படியில் நின்று, என்ன, ஏதாவது சொல்லணுமா என்று திரும்பிப் பார்த்தார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.