புடைத்துப்போன இருபத்து நான்கு டின்கள்

சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால், அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த இருபத்து நான்கு ஜிஞ்சர் பியர் டின்களும் மூடி எழும்பி நிற்கின்றன.

தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக் குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும் என்பதால் அடுப்போரம் வைத்தேன். அது சரியான முடிவுதான். உணவு விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கியவள் நான். எங்கள் லயத்தில் முதல் பட்டம். இரண்டு வருஷமாக அதற்கு யாரும் வேலை தரவில்லை. நான் என்னவோ கள்ளச்சாராயம் வடிப்பதுபோல, "பட்டதாரி கசிப்பு காய்ச்சுறா" என்று பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் அங்கம்மாக்கா தோட்டம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. போதாததற்கு, திங்கட்கிழமை கொழும்பில் புடவைக் கடை வேலைக்கு வா என்று மாமா சொல்லியிருந்தார். பதுளை பஸாரில் தேநீர்க் கடை வைத்திருக்கும் பிரான்சிஸ்கா அக்கா இன்று ருசி பார்த்து, சரியென்றால் வாராவாரம் வாங்குவார். இல்லையென்றால் நான் புடவை மடிக்க வேண்டும்.

டின் அடைத்த அன்று மூடி அழுத்தும் கை மிஷினை நான் பிடித்தேன். டின்னுக்கு அரைத் தேக்கரண்டி சீனி போட்டது அம்மா. அந்தச் சீனியைத் தின்றுதான் ஈஸ்ட் காஸ் விடும்.

"அம்மா, எவ்வளவு போட்ட?"

"நீ சொன்ன அரைக் கரண்டிதான்." அம்மா அடுப்பை ஊதினாள். "அதுக்கு மேல கொஞ்சம்."

"ஏன்?"

"கழிச்சாங்கன்னா கொறையக் கூடாதில்ல?"

 அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுத்தவள். சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ என்று தராசில் வெட்டுவார்கள் என்பதால், எப்போதும் ஒரு பிடி கூடவே போட்டுப் பழகிய கை.

"யாரும்மா கழிக்கப்போறா? இங்க தராசே நாமதான்!"

"அது கைக்குத் தெரியுமா?" என்றாள். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சூடு குறைந்தால் ஈஸ்ட் அடங்கும். டின்களைப் பீலியில் விழும் மலை ஊற்றுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ் ஏறினேன். ஹாலிஎல வளைவில் 'டமார்!' ஒரு டின் வெடித்தது. டிரைவர் டயர் போய்விட்டதென்று பிரேக் அடித்தார். முன் சீட்டு ஐயா தலையிலிருந்து இஞ்சி வாசம் வழிந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் மீசையை நக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு பிள்ள. இன்னொண்ணு வெடிக்குமா?"

பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிரான்சிஸ்கா அக்கா மூடிகளைத் தடவிப் பார்த்தார். "இந்த டின்ன அலுமாரில வைக்க ஏலாதும்மா."

நான் ஒன்றும் மறைக்கவில்லை. சீனி கூடிப்போனதையும் அம்மாவின் கையையும் சொன்னேன். அவர் ஒரு டின்னைத் துணி போட்டுத் திறந்தார். பாதி நுரையாகக் கல்லாப்பெட்டி மேல் ஓடியது. மிச்சத்தைக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"யேசுவே! மூக்குல ஏறுது!"

"அது இஞ்சிக்கா. தோட்டத்து இஞ்சி."

"கடையில வர்றது வெறும் சீனித் தண்ணி. இது இஞ்சி." நெத்தலி ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த மேசைகளைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாத்தையும் ஐஸ்ல போடு. இங்கேயே தொறந்து கிளாஸ்ல ஊத்துவம்."

பகல் சாப்பாட்டுக்குள் டின்கள் தீர்ந்தன.

"அடுத்த சனிக்கிழமை நாப்பத்தெட்டு. மூடி தட்டையா இருக்கணும். மூக்குல ஏறுறது கொறையவும் கூடாது."

பஸ் நிலையத்திலிருந்தே மாமாவுக்கு அழைத்து, வரமாட்டேன் என்றேன். நல்ல வேலையை விடுகிறாய் என்று அவர் பத்து நிமிஷம் கத்தினார். கத்தட்டும்.

புதன்கிழமை மறுபடி மூடி அழுத்தினோம். அம்மா கையில் கரண்டியோடு ஒரு கத்தியையும் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் கத்தியால் வழித்து, மட்டமாக்கித்தான் போட்டாள். வழித்த சீனியை ஒரு கோப்பையில் சேர்த்து வைத்தாள்.

கடைசி டின் முடிந்ததும் அந்தக் கோப்பையில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். பாகு மாதிரி இருந்தது. குடித்தேன்.