இரண்டு நல்ல ஆக்சில்கள்

சிவஞானத்தின் காரில் உட்கார்ந்து முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்ப்பது கொஞ்சம் சிரமம். பார்க்கவேண்டிய இடத்தில் பாதியை ஒரு ஸ்டிக்கர் எடுத்துக்கொண்டிருந்தது. ‘கடலோர உப்பு நண்பர்கள் நற்பணி மன்றம், துணைத் தலைவர்’. மன்றத்துக்குத் தலைவர் கிடையாது. தலைவர் என்றால் ஏதாவது செய்யவேண்டி வரும் என்று ஒருவரும் முன்வராததால் எல்லோருமே துணைத் தலைவர்கள். அவர்களில் மைக்கைப் பார்த்தால் கை தானாக நீளுகிறவர் சிவஞானம்.

இந்தக் கதைக்கும் மைக்தான் காரணம். மரக்காணம் உப்பளத்தில் அவருடைய பாத்திகளில் உப்பு வாரும் பச்சமுத்துவின் மகள் செந்தமிழுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு ஊர் பிரம்மதேசம். பாட்டுப் போடுவதற்காகக் கட்டியிருந்த மைக்கை சிவஞானம் வாங்கி, ஊதிப் பார்த்து, ஆரம்பித்தார்.

“செந்தமிழ் யாரு? என் பொண்ணு! பச்சமுத்து பெத்தான், அவ்ளோதான். பொண்ணழைப்புக்கு என் காரு வரும். யாரு ஓட்டுவா? நானே ஓட்டுவேன்!”

கைதட்டல் விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். பச்சமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்று இரவு சிவஞானம் நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் டீக்கடையில் இன்னொரு துணைத் தலைவரான ராஜாங்கம் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாபா சிவஞானம், உன் ஆளுக்கே நீ டிரைவரா போறியாமே? தொப்பி கிப்பி வாங்கிட்டியா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிவஞானமும் சிரித்தார். ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து காரைப் பார்த்தார். சீட்டுக்கெல்லாம் புதிதாக வெண்ணெய் நிறத்தில் உறை போட்டிருந்தார். பச்சமுத்துவின் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் இதில் ஏறுவார்கள், அவர்களுடைய பாதங்களில் எவ்வளவு பாத்திச் சேறு இருக்கும், எந்தக் குழந்தை எங்கே வாந்தி எடுக்கும் என்று அவர் மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. என் பொண்ணு என்று சொன்னது அந்தக் கணக்கில் வரவில்லை.

கல்யாண வாரம் பச்சமுத்து வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றான்.

“மொதலாளி, வண்டிக்குப் பூ கட்டறவன்கிட்ட சொல்லிடலாங்களா?”

“அத ஏம்பா கேக்கற. வண்டி படுத்துடிச்சி. முன்னாடி ஆக்சில் ரெண்டும் போயிடிச்சி. உப்புக் காத்து.”

இந்தக் கரையில் இரும்பு சம்பந்தமான பொய்க்குச் சாட்சி தேவையில்லை. கேட், ஃபேன், ஃபிரிட்ஜ், சைக்கிள், எதை உப்புக் காற்று தின்றது என்றாலும் நம்புவார்கள். சிவஞானம் அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார்.

“அப்ப ஷெட்டுக்குத் தள்ளிக்கினு போயிடலாங்க. நாலு ஆளு கூட்டியாறேன்.”

ஷெட் என்றால் மெக்கானிக் இருப்பான். அங்கே ஒரு நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே அவர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் தப்பிக்கப் பார்த்தார். பெருமையடித்தார்.

“ஷெட்டுக்காரனுக்கு இன்னா தெரியும்? வீட்லயே நானே கழட்டிடுவேன். யூடியூப்ல எல்லாத்தையும் பாத்தாச்சி. பார்ட்ஸு வர்றதுக்குத்தான் மாசம் ஆவும். அதான் யோசன.”

பச்சமுத்து முகத்தில் ஏமாற்றம் தெரியும் என்று அவர் எதிர்பார்த்தார். தெரிந்தது கவலை.

“தனி ஆளா எப்பிடிங்க கழட்டுவீங்க? இடுப்பு புடிச்சிக்கும். நாளைக்குக் காலையில நாங்க வந்துடறோம்.”

வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மொதலாளி சங்கோஜப்படுகிறார் என்று பச்சமுத்து நினைத்துக்கொண்டான்.

காலையில் வந்தேவிட்டார்கள். பச்சமுத்து, அவன் மச்சான் தங்கராசு, அவ்வப்போது சிவஞானத்தின் காரை ஓட்டும் ஐயப்பன். முட்டுக் கொடுக்கப் பனங்கட்டைகள், பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புசெட்டின் இரும்புக் குழாய், ஐயப்பனின் ஸ்பேனர் மூட்டை எல்லாம் வந்து இறங்கின. நல்ல வெயில் காலம், உப்பு விளையும் நேரம். அந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

சிவஞானத்தின் மனைவி மலர்கொடி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“இன்னாங்க, நேத்துகூட இதுல தான கோயிலுக்குப் போயிட்டு வந்தோம்?”

“உள்ள போய் டீ போடு.”

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

“திருப்பும்போது டக்கு டக்குன்னு சத்தம் வந்துச்சிங்களா?” என்று ஐயப்பன் கேட்டான்.

“வந்துது, வந்துது. எல்லா சத்தமும் வந்துது.”

சிவஞானம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து செல்போனில் வீடியோவை ஓடவிட்டார். அதில் ஒரு வெள்ளைக்காரன், சாப்பாடு போட்டுச் சாப்பிடலாம் போன்ற சுத்தமான தரையில் நின்றுகொண்டு, விசில் அடித்தபடி சக்கரத்தின் நடு நட்டைக் கழற்றினான். அவன் ஊருக்குக் கடல் தூரமாக இருக்கவேண்டும். இங்கே நட்டு எது, துரு எது என்றே தெரியவில்லை. ஸ்பேனரை மாட்டி அழுத்தினால் நட்டோடு சக்கரமும் சேர்ந்து சுற்றியது.

“உள்ள உக்காந்து யாராச்சும் பிரேக்க மிதிக்கணும்” என்று வீடியோவைப் பார்த்து சிவஞானம் அறிவித்தார். அதை ஐயப்பன் ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருந்தான்.

அப்போதுதான் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு செந்தமிழ் வந்தாள்.

“நீ ஏறி மிதிமா” என்றான் ஐயப்பன்.

அவள் தயங்கினாள். தூக்குவாளியைக் கீழே வைத்தாள். குழாயடிக்குப் போய்க் கால்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அப்பாவின் தோளிலிருந்த துண்டை வாங்கி, உதறி, வெண்ணெய் நிறச் சீட்டின் மேல் விரித்து, ஓரமாக உட்கார்ந்தாள். சாய்ந்துகொள்ளவில்லை.

“எதுக்குமா துண்டு?” என்று ஐயப்பன் கேட்டான்.

“சீட்டு புதுசாச்சேண்ணா. மொதலாளி பாவம்.”

சிவஞானம் செல்போனுக்குள் குனிந்துகொண்டார். வெள்ளைக்காரன் இன்னும் விசிலடித்துக்கொண்டிருந்தான்.

ஸ்பேனரில் பம்புசெட்டுக் குழாயைச் செருகி நீட்டி, அதன் மேல் பச்சமுத்துவும் தங்கராசுவும் ஏறி நின்று குதித்தார்கள். நட்டு கீச்சென்று அலறி அசைந்தது. மறு பக்கமும் அதே பாடு. பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, பனங்கட்டையை முட்டுக் கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார்கள். சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் அடிக்கையின் போல்ட்டுகளை நீக்கியதும் சக்கரம் மாட்டும் பாகம் கழன்ற தோள்பட்டை மாதிரி தொங்கியது. நெம்புகோலைப் போட்டு ஐயப்பன் ஒரு நெம்பு நெம்ப, கியர்பாக்ஸிலிருந்து ஆக்சில் வெளியே வந்தது. பின்னாலேயே எண்ணெய் கொட்டியது. பெயின்ட் வாளியைப் பிடித்தும் பாதி தங்கராசுவின் சட்டையில்தான் விழுந்தது.

“கல்யாணத்துக்கு மாமனுக்குப் புதுச் சட்ட எடுத்துத் தரணும்டியோ” என்று அவன் செந்தமிழைப் பார்த்துக் கத்தினான். “பேசாம இதையே போட்டுக்கினு வா மாமா, ஊரே வழுக்கி வுழட்டும்” என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சேராதவர் ஒருவர்தான்.

இரண்டு ஆக்சில்களும் கோணிமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஐயப்பன் ஒன்றை எடுத்து முனையைத் திருகிப் பார்த்தான். வழவழவென்று திரும்பியது.

“நல்லா இருக்கற மாதிரி தான் தெரியுது மொதலாளி…”

“உள்ளுக்குள்ள போயிருக்கும்பா. மொதல்ல போய்ச் சாப்புடுங்க, போங்க.”

அவர்கள் வீட்டுக்குப் பின்புறம் வேப்பமர நிழலுக்குப் போனார்கள். சிவஞானம் மட்டும் ஆக்சில்களோடு நின்றார். ஆயுசுக்கும் உழைக்கக்கூடிய இரண்டு நல்ல ஆக்சில்கள். சாப்பிட்டு வந்து நன்றாகப் பார்த்தார்களானால் முடிந்தது கதை. உள்ளே போய் முகச்சவர பிளேடை எடுத்துவந்தார். ஐயப்பன் தொட்டுப் பார்க்காத ஆக்சிலின் முனையிலிருந்த ரப்பர் உறையில் ஒரு இழு இழுத்தார். உள்ளேயிருந்து கறுப்பு கிரீஸ் பிதுங்கி விரல்களில் ஏறியது. பிளேடைப் பூந்தொட்டியில் புதைத்தார். கையைக் குழாயில் கழுவியும் கிரீஸ் போகவில்லை. நகக்கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தலைவர்கள் அப்படி நிற்பது வழக்கம்தானே.

அவர்கள் திரும்பி வந்ததும் காலால் சுட்டிக் காட்டினார்.

“நான் சொன்னன்ல? பாரு, ரப்பரு கிழிஞ்சி கெடக்குது.”

பச்சமுத்து குனிந்தான். கோணியின் ஓரத்தால் கிரீஸைத் துடைத்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

“இது கிழிஞ்சதில்லீங்க. எவனோ அறுத்திருக்கான்.”

கிழிந்ததற்கு ஒரு கோணல் இருக்கும். இது கோடு போட்ட மாதிரி இருந்தது. சிறு பிள்ளைக்கும் தெரியும்.

“வேணும்னே பண்ணியிருக்கான்” என்று தங்கராசு சூடானான். “வண்டிய கடைசியா எடுத்தவன் யாரு? கண்ணாடிய ஏத்தாம வுட்டான்னு போன வாரம் யாருக்கு நாலு பேருக்கு முன்னால திட்டு வுழுந்துது?”

எல்லாருடைய கண்ணும் ஐயப்பன்மேல் திரும்பியது.

“டேய் மாமா, வெளையாடறியா? நான் ஏன் அறுக்கப் போறேன்? காலையிலருந்து கழட்டிக்கினு இருக்கறவனே நான்தான?”

“அதான்டா. எங்க மாட்டிக்குவோம்னு மொத ஆளா வந்து நிக்கற.”

பச்சமுத்து ஐயப்பனின் சட்டையைப் பிடித்தான். சத்தம் போடாத மனிதன், இப்போது கத்தினான். “எம்பொண்ணு காருல போவக்கூடாதாடா? அதுல உனக்கு இன்னாடா கஷ்டம்?”

ஐயப்பன் அவனைத் தள்ளவில்லை. சிவஞானத்தைத்தான் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று பார்த்தான். சிவஞானம் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் சொல்லாமல் நின்றார் என்பதைப் பிற்பாடு அவரே பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார். ஐயப்பனின் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து ஆக்சில் பக்கமாக உருண்டு வந்து நிற்கும்வரை சொல்லவில்லை.

“அவன வுடு. நான்தான் அறுத்தேன்.”

பச்சமுத்துவின் கை இறங்கியது. அவன் கண் கலங்கிவிட்டது.

“பாத்தியாடா ஐயப்பா? உன்ன காப்பாத்தறதுக்குப் பழிய தம்மேல போட்டுக்கறாரு. பெரிய மனசுன்னா இதான்டா. உழு, அவரு கால்ல உழு.”

தங்கராசு தலையிலிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான். சிவஞானம் இத்தனை வருடம் எத்தனையோ மேடையில் தொண்டை கிழியக் கத்தியும் கிடைக்காத ஒன்று, மைக் இல்லாமல், தன் வீட்டு வாசலிலேயே கிடைத்தது. வாங்கிக்கொண்டால் போதும். மன்னித்துவிட்டேன் என்று ஒரு கையை உயர்த்தினால் போதும். உண்மையைச் சொன்னதும் ஆயிற்று, பெரிய மனுஷன் ஆனதும் ஆயிற்று. கையை உயர்த்தவும் போனார். அது கறுப்பாக இருந்தது.

வாசற்படியில் மலர்கொடி தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள். சொம்பைக் கீழே வைத்தாள்.

சிவஞானம் உயர்த்திய கையை அப்படியே விரித்துக் காட்டினார்.

“பச்சமுத்து, காலையிலருந்து நான் ஒரு நட்டு தொட்டனா? அப்ப இது எங்கருந்து வந்துது? பிளேடு அந்தத் தொட்டியில கெடக்குது. ஆக்சிலுக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டும் நல்லா இருந்துது.”

பச்சமுத்து கையைப் பார்த்தான். பூந்தொட்டியைப் பார்த்தான். போய்த் தோண்டிப் பார்க்கவில்லை.

“ஏங்க?” என்று மட்டும் கேட்டான்.

எதற்கும் பதில் வைத்திருக்கும் வாய் அது. இப்போது அதிலிருந்து ஒரே ஒரு சொல்தான் வந்தது.

“சீட்டு…”

காரின் கதவு திறந்தே கிடந்தது. வெண்ணெய் நிறத்தின் மேல் பச்சமுத்துவின் பழைய துண்டு விரித்தபடி இருந்தது. செந்தமிழ் போய் அதை எடுத்தாள். மடிக்கவில்லை. அதைக் கொண்டே பிரேக் பெடலைத் துடைத்தாள். தான் கால் வைத்திருந்த மிதியடியைத் துடைத்தாள். கதவின் கைப்பிடியையும் துடைத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.

“இங்க எதுக்குமா நிக்கற, வூட்டுக்குப் போ” என்றான் பச்சமுத்து.

அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர்களும் போய்விடுவார்கள் என்று சிவஞானம் எதிர்பார்த்தார். போனால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். போகவில்லை. கழற்றியதைப் பாதியில் விட்டுப்போவது அவர்களுக்கு வராது. ஐயப்பன் பொத்தானைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்துத் திண்டிவனம் போய் ரப்பர் உறையும் கிரீஸும் எண்ணெயும் வாங்கி வந்தான். இரண்டு ஆக்சில்களையும் ஏற்றினார்கள். இந்தத் தடவை பிரேக்கை சிவஞானம்தான் மிதித்தார். பேச்சு ஸ்பேனர் அளவோடு நின்றது. சிரிப்பு இல்லை. ஒரு தடவை தங்கராசு, “டேய் ஐயப்பா, மனசுல வெச்சிக்காதடா” என்றான். “போ மாமா” என்றான் அவன். தங்கராசு சொன்ன அதே வார்த்தை சிவஞானத்தின் வாயிலும் இருந்தது. சாயங்காலம்வரை அது வெளியே வரவில்லை.

கடைசி நட்டை இறுக்கிவிட்டுப் பச்சமுத்து எழுந்தான்.

“வண்டி ரெடிங்க.”

“பொண்ணழைப்புக்கு நான்…”

“குட்டி யானை லோடு வண்டிக்குச் சொல்லிக்கறோங்க. கூட்டம் கொஞ்சம் அதிகம். இதுல பத்தாது.” அதைக்கூட அவருக்குக் கஷ்டம் இல்லாத மாதிரிதான் சொன்னான். “நீங்க சாப்பாட்டுக்குக் கட்டாயம் வந்துடணும்.”

பொண்ணழைப்பு அன்று சிவஞானம் காரைக் கழுவித் தெருவில் நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். யாருக்காக என்று மலர்கொடி கேட்கவில்லை. அவர் பக்கத்தில் ஏறவுமில்லை. பஸ்ஸில் முன்னதாகவே போய்விட்டாள். வாழைமரம் கட்டிய குட்டி யானை வந்தது. ஓட்டியவன் ஐயப்பன். முன்சீட்டில் செந்தமிழ், பின்னால் ஆணும் பெண்ணும் பிள்ளையுமாக நெருக்கியடித்துக்கொண்டு பச்சமுத்துவின் மொத்த உறவும். அவரருகே வண்டி நின்றது.

“மொதலாளி!” ஐயப்பன் தலையை நீட்டினான். “தைரியமா ஓட்டிக்கினு வாங்க. ஆக்சில் ரெண்டும் நல்லா இருக்குது!”

வண்டி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பச்சமுத்து மட்டும், “டேய், சும்மா இருடா” என்று அதட்டினான். அதட்டும்போது அவன் வாயும் கோணியது. செந்தமிழ் மருதாணிக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

சிவஞானம் கதவுகளைச் சாத்தினார். ஏறி உட்கார்ந்து, ஸ்டிக்கருக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டு, அவர்கள் பின்னாலேயே போனார். குட்டி யானை நடக்கிற வேகத்தில்தான் போனது. முந்திப் போகச் சாலையில் எங்கும் இடம் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவருடைய காலி சீட்டுகளைப் பார்த்துக் கைகாட்டிக்கொண்டே வந்தார்கள். பிரம்மதேசம் வரைக்கும் அவர் முந்தவில்லை.