பக்கத்தில் இருந்து மாற்ற வேண்டியது

குவைத்திலிருந்து என் கணவர் தாஹா இரண்டு வைஃபை ரவுட்டர்களின் படங்களை அனுப்பியிருந்தார். இரண்டிலும் கம்பெனி உள்ளே போட்ட ஃபர்ம்வேர் என்கிற மென்பொருளை எடுத்துவிட்டு, நமக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாமாம்.

“முதல் படத்துல உள்ளத வாங்கு பாஜிலா. இங்கன இருந்தே மாத்திருவேன். ரெண்டாவது வேண்டாம். பக்கத்துல உக்காந்து, வயரைச் செருகித்தான் மாத்தணும்.”

வீட்டில் எது கெட்டாலும் அங்கிருந்தே சரி செய்துவிடுகிற மனுஷன். அதனாலேயே மூன்று வருஷமாக ஊருக்கு வரவில்லை.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் இரண்டும் இருந்தன. இரண்டாவதை வாங்கினேன்.

சாயங்காலம் வீடியோ காலில் பெட்டியைக் காட்டியதும் கத்தினார்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா? இனி இத யாரு வந்து மாத்துவா?”

“அதைத்தான் நானும் கேக்கேன்,” என்றேன்.