காட்டைப் பார்க்கப் போன நர்ஸம்மா

ஓய்வூதிய நிதிக் குழுவில் உறுப்பினர்கள் சார்பாக ஒருவர் உட்கார வேண்டும் என்றபோது யாரும் முன்வரவில்லை. முப்பத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்தான் கையைத் தூக்கினாள். சேவை மனப்பான்மையெல்லாம் இல்லை; மாதத்தில் ஒரு நாளாவது யாராவது தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களே என்றுதான். கணவர் போய் நாலு வருடம். கடல் கடந்து இருந்த மகன் ஞாயிற்றுக்கிழமை பேசுவான். பேசும்போதே வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பான்.

நிதிக்குச் சொந்தமாக மலைச்சரிவில் ஒரு காடு இருந்தது. முதிர்ந்த மரத்தை மட்டும் வெட்டி, வெட்டிய இடத்தில் புதிதாக நட்டு, நீரூற்றுகளைத் தொடாமல் காப்பது என்று ஏற்பாடு. இப்போது ஒரு கம்பெனி அதை மொத்தமாக விலைக்குக் கேட்டது. முடிவெடுக்கும் முன் எல்லோரும் போய்ப் பார்க்கலாம் என்றார் தலைவர். கிளம்பும் நாளில் ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு மருமகள் பிரசவம், மற்றவர்களுக்கு வாயில் வந்த சாக்கு. வேனில் ஏறியது அவள் ஒருத்திதான்.

அங்கே மரம் அளப்பவர் காத்திருந்தார். சரிவில் ஒற்றை அறையில் தனியாக இருப்பவர்.

"மூணு மாசமா மனுஷ முகத்தையே பார்க்கலைங்க. நான் கொஞ்சம் அதிகமா பேசினா மன்னிச்சுக்குங்க."

"பேசுங்க. எனக்கும் பேச்சு கேட்டு நாளாச்சு."

அவர் டேப்பை மரத்தைச் சுற்றிப் பிடித்து எண் சொல்ல, அவள் நோட்டில் எழுதினாள்.

"இதை எப்ப வெட்டுவீங்க?"

"இன்னும் நாப்பது வருஷம் ஆகும்."

"அப்ப நாம ரெண்டு பேருமே இருக்க மாட்டோமே."

"அதுக்காக மரம் அவசரப்படுமாங்க?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு வாயும் தவறிவிட்டது: "காட்டை வித்துட்டா நீங்க எங்க போவீங்க?"

அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. டேப்பை மெல்லச் சுருட்டினார். அடுத்த மரத்துக்குப் போய் எண்ணை மட்டும் சொன்னார். அவளுக்கு முள்மேல் நிற்பதுபோல் இருந்தது.

அடுத்த வாரம் குழு கூடியது. விற்கலாம் என்று எட்டுக் கைகள் எழுந்தன.

"இன்னிக்கு வேலைக்குச் சேர்ற பொண்ணு நாப்பது வருஷம் கழிச்சு பென்ஷன் கேட்டு வந்து நின்னா, நாம எதைக் காட்டுவோம்?" என்று கேட்டாள்.

"நல்ல கேள்விம்மா" என்று சொல்லிவிட்டுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். காடு கைமாறியது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மரம் அளப்பவருக்குப் போன் செய்து சொன்னாள்.

"நீங்களாவது சொன்னீங்களே" என்றார். "சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு" என்றாள். அடுப்பே பற்றவைக்கவில்லை.

மாதக் கடைசியில் அவர் வேலை போய், தன் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் கூப்பிடுவார். பேசப் பெரிதாக விஷயம் எதுவும் இருக்காது. ஆனாலும் அன்றைக்கு மட்டும் அவள் நாலு மணிக்கே எல்லா வேலையையும் முடித்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள்.