டகெட் வீட்டுத் தரைப்பலகை

சுட்டுக் கொல்லப்பட்ட ஒன்பதாம் நாள், கோழிக்குத் தீனி போடும் நேரத்தில், ஹோசியா தன் வீட்டுச் சுவரிலிருந்து பாடத் தொடங்கினான். மிசிசிப்பியின் அந்தப் பருத்திக் காட்டில் அவன் கிதாரை எடுத்தால் கிழவர்களுக்கும் கால் நிற்காது. பருத்தி எடுக்கும் நாளில் வேலையை விட்டுப் பாடப் போனான் என்று வெள்ளைக்காரக் கங்காணி டகெட் அவனை ஐந்து முறை சுட்டான். கிதாரை அவன் மண்டையிலேயே அடித்து நொறுக்கினான். பிணத்தை மறைத்துவிட்டு, "உன் புருஷன் எவளையோ இழுத்துக்கிட்டு சிகாகோ ரயிலேறிட்டான்" என்று லுவீனியாவிடம் சொன்னான். பாட்டுக்காரன் என்றால் ஊர் எதையும் நம்பும். பன்னிரண்டு வருஷம் அவனோடு வாழ்ந்தவளுக்குச் சாவைவிட அந்தப் பொய்தான் எரிந்தது.

சிறுவயதில் அந்தச் சுவரில்தான் ஹோசியா துடைப்பத்தைச் சுற்றியிருந்த கம்பியை உருவி ஆணியடித்துக் கட்டி, அடியில் பாட்டிலைச் செருகி வாசிக்கப் பழகினான். இப்போது கம்பி தானாக அதிர, எந்தக் குண்டு எங்கே பாய்ந்தது என்று சுவர் பாடியது, வழக்கம்போல் முதல் அடியை இரண்டு தடவை.

"ஏடி, உன் ஆளு சிகாகோலேர்ந்து அதுக்குள்ள வந்துட்டானா?" என்றாள் பக்கத்து வீட்டு ஓரா.

"அவரு எங்கடி போனாரு? வாயை மூடிட்டுக் கேளு."

டகெட் கடப்பாரையோடு வந்தான். தடுத்த லுவீனியாவின் இரண்டு பல்லைத் துப்பாக்கிக் கட்டையால் உதிர்த்துவிட்டுச் சுவரைப் பெயர்த்தான். நல்ல சைப்ரஸ் பலகையை எரிக்க அந்தக் கஞ்சனுக்கு மனம் வரவில்லை. தன் வீட்டுச் சாப்பாட்டு அறையில் தரையாகப் போட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அன்று சூப்பு ஆறுவதற்குள் தரை பாடியது. தரையைச் சுட்டான், ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வாயானது. அதில் அவனுடைய கால்விரல்களில் இரண்டு போயின. அவன் மனைவி மெம்பிஸுக்கு ரயிலேறினாள்.

மூன்றாம் மாதம் டகெட் நொண்டிக்கொண்டு லுவீனியாவிடம் வந்து நின்றான். "அவனை நிறுத்தச் சொல்லு."

"அவரைக் கொன்னு எங்க போட்டீங்கன்னு சொல்லுங்க மிஸ்டர். என்கிட்ட இல்ல, சபையில எல்லார் முன்னாலயும்."

சொன்னான். பஞ்சாலையின் பாழுங்கிணற்றிலிருந்து எலும்பும் ஐந்து குண்டும் வந்தன. சிகாகோ கதை பேசியவர்கள் தொப்பியைக் கழற்றி அடக்கத்துக்கு வந்தார்கள். சட்டம் டகெட்டைத் தொடவில்லை; அங்கே அது வழக்கமில்லை.

அடக்கத்துக்குப் பிறகும் தரை ஓயவில்லை, ஆட்டப்பாட்டுக்கு மாறிக்கொண்டது. கறுப்பர்கள் கொல்லைப்புறமாக மட்டுமே நுழையும் அந்த வீட்டுக்குள் சனிக்கிழமைதோறும் லுவீனியா முன்வாசல் வழியாகப் போவாள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு டகெட் ஒதுங்கி வழிவிடுவான். அவனுடைய நாற்காலியில் அவள் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பலகைமேல் பாதம் வைத்து, "இன்னும் கொஞ்சம் மெதுவா, ஹோசியா" என்பாள். பாட்டும் மெதுவாகும்.