செல்வமலருக்குக் கடல் ஒத்துவராது

இந்திரகுமார் கதை சொல்லத் தொடங்கினால், சோற்றுக் கோப்பையோடு நிற்கிறவர்கள்கூடக் கறியை மறந்துவிடுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்கு அந்த வரம் இருந்தது. ஒஸ்லோவில் இருபது வருடம் பஸ் ஓட்டியவர், பஸ்ஸைப் பற்றி ஒரு வரி சுவையாகச் சொன்னதில்லை. இரண்டரை வருடம் படகு ஓட்டிவிட்டுத் திரும்பிய பிறகோ, பிறந்தநாள் என்ன, சாமத்தியவீடு என்ன, அவர் இல்லாமல் ஒரு மண்டபமும் களைகட்டுவதில்லை.

"பால் காய்ச்சின கதையைச் சொல்லுங்கோ அண்ணை," என்று யாராவது எடுத்துக்கொடுப்பார்கள். பெரும்பாலும் தமிழ்ச் சங்கத் தலைவர் அருட்செல்வம்தான்.

அந்தக் கதை உண்மை. வெள்ளைக்காரக் கிழவர் ஒருவரிடமிருந்து 'தெர்னா' என்ற பழைய பாய்ப்படகை வாங்கி, ஆறேழு வருடம் தட்டிக்கொட்டித் திருத்தி, புறப்படத் தயாரானபோது, அதற்குள்ளே பால் காய்ச்சாமல் தான் ஏறமாட்டேன் என்று செல்வமலர் ஒற்றைக்காலில் நின்றாள். புதுவீடு என்றால் பால் பொங்கி வழியத்தானே வேண்டும்? பொங்கியது. வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் பலகை இடுக்கால் இறங்கி அடித்தட்டில் போய்த் தேங்கியது. அந்தக் கோடை முழுக்கப் படகு புளித்த தயிர்ச்சட்டி மாதிரி நாறியது.

"பக்கத்துப் படகுக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கேக்கிறான், உள்ளுக்கை ஆரும் செத்துக்கித்துப் போச்சினமோ எண்டு!"

மண்டபம் அதிரும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இந்திரகுமார் அத்திலாந்திக் சமுத்திரத்துக்குப் போய்விடுவார்.

"அலை எண்டால் நாலு மாடி உயரம். என்ர மனுசி கீழை படுத்தவ படுத்தவதான். கையிலை வாளி, வாயிலை முருகா முருகா. நான் தனிய மேலை சுக்கானைப் பிடிச்சுக்கொண்டு இரவிரவா நிக்கிறன்..."

எல்லோரும் செல்வமலரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். பக்கத்தில் இருக்கும் சிநேகிதி கமலாதேவி அவளுடைய முழங்கையைத் தடவி, "பாவம், என்ன பாடு பட்டிருப்பியள்," என்பாள்.

இந்தக் கதைதான் பொய். படுத்துக் கிடந்தது அவர்.

கனாரித் தீவுகளை விட்டுப் புறப்பட்ட சில நாட்களிலேயே, தானாகத் திசை பிடிக்கும் கருவி முறிந்துபோனது. இனிக் கரை காணும்வரை இரவும் பகலும் யாராவது சுக்கானில் இருந்தாக வேண்டும். முதல் இரவே இந்திரகுமார் முகம் வெளுத்துக் கீழே இறங்கிப் போனார். பகலில் கொஞ்ச நேரம் மேலே வருவார். பொழுது சாயத் தொடங்கினால் இறங்கிவிடுவார். கடல்நோய் என்றார். செல்வமலர் அவருக்குக் கஞ்சி வடித்துக் கொடுத்தாள், தன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டினாள், சுக்கானைப் பிடித்தாள். ஒஸ்லோ ஃபியோர்டில் அவர் விளையாட்டாகப் பழக்கிவிட்டதுதான் அவளுக்குத் தெரிந்த படகோட்டம். தொடக்கத்தில் முருகனைக் கூப்பிட்டாள் என்பது மெய். பிறகு பிறகு முருகனையே மறந்துபோனாள். பின்னாலிருந்து அலை வந்து படகைத் தூக்கும்போது உள்ளங்கைக்குள் ஒரு சிறு இழுப்புத் தெரியும். அதற்கு மெல்ல இடம்விட்டால் தெர்னா சொன்னபடி கேட்கும். ஐம்பது வயதுக்குக் கிட்ட வந்த ஒருத்திக்கு, தான் இவ்வளவு சந்தோசமாக இருக்கலாம் என்பது அந்த நடுக்கடலில்தான் தெரியவந்தது.

அத்திலாந்திக்கைக் கடந்து பார்படோசில் கரைக்கு வந்தபோது அதிகாரி ஒருவர் யார் கப்டன் என்று கேட்டார். இந்திரகுமார் கையை உயர்த்தினார். செல்வமலர் பேசாமல் நின்றாள்.

அவளுடைய குணம் அப்படி. வீட்டுக்குள் அவரை உண்டு இல்லை என்று பண்ணுவாள். நாலு பேர் முன்னால், சூரியன் மேற்கே உதிக்கிறது என்று அவர் சொன்னாலும் ஓம் என்பாள். சபையில் புருசனை விட்டுக்கொடுக்கக்கூடாது என்பது யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவளுக்குள் ஊறிக் கிடந்தது. தன் மனிதர் ஒரு கதையால் நாலு பேருக்கு முன்னால் பெரிய ஆளாக இருந்துவிட்டுப் போகட்டுமே, தனக்கு என்ன குறைந்துபோகிறது என்றுதான் நினைத்தாள். அங்கேதான் பிழைவிட்டாள்.

அவர்கள் 2007 கோடையில் ஒஸ்லோவுக்குத் திரும்பியது மகள் துஷாராவின் கலியாணத்துக்காக. தெர்னாவைக் கிரனடாத் தீவில் ஒரு படகுத்துறையில் கரையேற்றி, முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். புயற்காலம் முடிய நவம்பரில் திரும்பிப் போவதென்று பேச்சு. கலியாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை கவிசன் ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கொம்பனி ஒன்றில் எஞ்சினியர், நல்ல பெடியன். இந்திரகுமார் சும்மா இருப்பானேன் என்று பழையபடி பஸ் ஓட்டப் போனார். செல்வமலரும் ஸ்தொவ்னரில் முன்பு வேலை செய்த முதியோர் இல்லத்துக்கே போனாள். நவம்பர் வரைக்கும்தானே.

செப்டெம்பர் போனது. ஒக்டோபரும் போகப் பார்த்தது. இந்திரகுமார் விமானச்சீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

செல்வமலருக்கு ஏக்கம் காலில்தான் முதலில் தொடங்கியது. இரண்டு வருடத்துக்கு மேலாகச் செருப்பில்லாமல் திரிந்த கால் அகன்றுபோயிருந்தது. பழைய குளிர்ச் சப்பாத்து ஒன்றும் கொள்ளவில்லை. ஒரு அளவு பெரிதாக வாங்கினாள், அதுவும் கடித்தது. ஹவுகன்ஸ்டுவாவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணை மூடுவாள். கரிபியன் கடலின் பெக்குவேத் தீவுக் காலைகள் வரும். ஏணியால் அப்படியே கடலுக்குள் இறங்கிக் குளித்துவிட்டு, ஈரச் சாரத்தோடு தேத்தண்ணி குடிக்கும் காலைகள். அங்கே சந்தையில் ஈரப்பலாக்காய் குவிந்து கிடக்கும். தேங்காய்ப்பால் விட்டு அவள் கறி வைத்தால், பக்கத்தில் நங்கூரமிட்ட படகுகளிலிருந்து பிரெஞ்சுக்காரரும் கனடாக்காரரும் கோப்பையோடு வந்துவிடுவார்கள். அந்தக் கடலில் ஒருவரும் அவளிடம், நீ எந்த ஊர், ஆருடைய பெட்டை என்று கேட்டதில்லை. எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று மட்டும் கேட்டார்கள். காற்று எப்படி என்று கேட்டார்கள். அதற்கு அவளிடம் பதில் இருந்தது.

இல்லத்தில் முதியவர்களின் கட்டிலைச் சரிசெய்யும்போதுகூட அவளுடைய உடம்பு அலைக்கு ஈடுகொடுப்பதுபோல ஆடும். யாராவது பார்த்துவிட்டால் இடுப்பில் நாரிப்பிடிப்பு என்பாள்.

ஒருநாள் கமலாதேவியிடம், நவம்பரில் திரும்பிப் போகவேண்டும் என்று மெல்ல வாயைத் திறந்தாள்.

"விசரே உங்களுக்கு?" என்றாள் கமலாதேவி. "அவர் கூப்பிட்டாலும் ஏலாது எண்டு சொல்லுங்கோ. அந்தாள் ஆம்பிளை, தாங்கும். நீங்கள் வாளியும் கையுமாக் கிடந்தனீங்கள்."

ஊரே அப்படித்தான் நினைத்தது. செல்வமலருக்குக் கடல் ஒத்துவராது என்பது ஒஸ்லோத் தமிழ்ச் சனத்துக்கு ஒரு வேதவாக்காகிவிட்டது. யாராவது இந்திரகுமாரிடம், "திரும்பப் போகேல்லையோ அண்ணை?" என்று கேட்டால், அவர் பெருமூச்சுவிட்டு, "எனக்கு ஆசைதான். மனுசிக்கு ஏலாதே," என்பார். அவள் பக்கத்திலேயே நிற்பாள். அப்போதும் வாயைத் திறக்கமாட்டாள்.

ஒக்டோபர் கடைசியில் அவர்களுடைய முப்பதாவது கலியாணநாளைப் பிள்ளைகள் ஒரு மண்டபம் எடுத்துக் கொண்டாடினார்கள். கேக் வெட்டி முடிந்ததும் துஷாரா ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"அம்மாவுக்கு நானும் கவிசனும் ஒரு ஒவராஸ்கெல்சே, சர்ப்ரைஸ், வச்சிருக்கிறம்," என்றாள். கண்ணெல்லாம் சிரிப்பு. "கவிசனோடை வேலை செய்யிற ஒரு நொர்வேஜியன் சோடி தெர்னாவை வாங்கப் போயினம். அப்பாவும் ஓம் எண்டிட்டார். எல்லாம் ஃபெர்டி, முடிஞ்சுது. இனி நீங்கள் ஒருநாளும் அந்தக் கடலுக்குப் போகத் தேவையில்லை அம்மா!"

சனம் கைதட்டியது. கமலாதேவி எழுந்து வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். செல்வமலர் தன் புருசனைப் பார்த்தாள். ஒரு சொல், ஒரே ஒரு சொல் அவர் சொன்னால் போதும். இந்திரகுமார் சபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். பாரம் இறக்கிவைத்தவரின் சிரிப்பு அது.

"அம்மா, சந்தோசமோ?" என்று துஷாரா ஒலிவாங்கியை நீட்டினாள்.

"ஓம்," என்றாள் செல்வமலர்.

வீட்டுக்கு வந்ததும் பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் குசினிக்குள் போய்க் கேத்திலை வைத்தாள். இந்திரகுமார் பின்னால் வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பிள்ளையள் ஆசையா..."

"பிள்ளையளை விடுங்கோ."

அவர் கதிரையை இழுத்து இருந்தார்.

"எனக்குப் பயம், மலர்," என்றார். "கடல்நோய் எண்டு சொன்னது பொய். இருட்டுப்பட்டால் எனக்கு அந்தத் தண்ணியைப் பார்க்கேலாது. தீவிலை நங்கூரம் போட்டுக் கிடக்கேக்கையும், அடியிலை எவ்வளவு ஆழம் எண்டு யோசிச்சு நித்திரை வராது. இருபது வருசமா பஸ் ஓட்டிக்கொண்டு நினைச்ச கடல் வேறை. அங்கை போய்ப் பாத்தால்..." அவர் அழுதார். முப்பது வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்தது தாய் செத்த அன்றைக்கு மட்டும்தான். "நீர் சொன்னால் வாறன். விக்கேல்லை எண்டு நாளைக்கே கவிசனுக்குச் சொல்லுறன். நீர் ஒரு சொல்லுச் சொல்லும்."

கேத்தில் கொதித்தது. சொல்லவேண்டிய சொல் அவளுடைய நுனி நாக்கில் இருந்தது. வாங்கோ போவம். அவ்வளவுதான்.

முதன்முதலில் இவர்தான் அவளைக் கையைப் பிடித்துக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போனவர். அப்போது அவளுக்கும் பயம்தான்; ஆனாலும் அவளுடைய பயம் கடலுக்குள் போனதும் கரைந்துவிட்டது. இவருடையது இரண்டரை வருடத்திலும் கரையவில்லை. பயந்து நடுங்குகிற ஒரு மனிதரைத் தன் சந்தோசத்துக்காகத் திரும்பவும் அந்த இருட்டுக்குள் கொண்டுபோய் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர்மேல் கோபமும் தீரவில்லை, பாசமும் குறையவில்லை. தனியே போகலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். மனுசி விட்டிட்டுத் தனியப் போட்டுதாம் என்றால் சனம் அவரை என்ன கதைக்கும் என்றும் உடனே நினைத்தாள்.

"விடுங்கோ," என்றாள். "தேத்தண்ணியைக் குடியுங்கோ."

டிசெம்பரில் அந்த நொர்வேஜியச் சோடி கிரனடாவுக்குப் பறந்து போய்த் தெர்னாவைத் தண்ணீரில் இறக்கினார்கள். கவிசனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். துஷாரா அதைக் கொண்டுவந்து காட்டியபோது, செல்வமலர் பாயைத்தான் பார்த்தாள். முன்பாயைச் சரியாக இழுத்துக் கட்டாமல் தொய்யவிட்டிருந்தார்கள். கையை நீட்டி இழுத்துவிட முடியாதா என்று இருந்தது.

தைப்பொங்கலுக்குப் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் சங்கம் விழா வைத்தது. சாப்பாடு முடிந்ததும் அருட்செல்வம் வழக்கம்போல எடுத்துக்கொடுத்தார். "அண்ணை, அத்திலாந்திக்!"

இந்திரகுமார் எழுந்து நின்றார். அன்றைக்கு அவருக்குக் குரல் வழமைபோல் வரவில்லை.

"இவ்வளவு நாளும் நான் சொன்னது பொய்," என்றார். "படுத்துக் கிடந்தது நான். வாளி வச்சிருந்தது நான். சுக்கான் பிடிச்சது என்ர மனுசி. அத்திலாந்திக்கைக் கடந்தது இவதான்."

முதலில் எல்லோரும் பகிடி என்று நினைத்தார்கள். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு மண்டபம் அமைதியானது. பிறகு யாரோ ஒரு பெட்டை, "அன்ரி, நீங்களோ கப்டன்!" என்று கூவினாள். அவ்வளவுதான், கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கமலாதேவி வாயில் கைவைத்தாள். துஷாரா ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டு, "ஏன் அம்மா ஒருநாளும் சொல்லேல்லை?" என்று அழுதாள். இந்திரகுமார் தூரத்தில் நின்று, கடன் தீர்த்தவர்போல அவளைப் பார்த்தார். தன்னால் கொடுக்கக்கூடிய பெரிய பொருளைத்தான் அவர் கொடுத்திருந்தார். அது அவளுக்கும் தெரிந்தது.

இதை அவர் ஒக்டோபரில் சொல்லியிருக்கலாம் என்றுதான் அவளுக்கு முதலில் வந்தது. பிறகு, ஒலிவாங்கி நீண்டது தன்னிடம்தானே, ஓம் என்றது தன் வாய்தானே என்றும் வந்தது. சனம் தட்டுகிற கை ஒவ்வொன்றும் அவளுக்குப் பாரமாக இருந்தது. அவளுக்குப் பேர் வேண்டியிருக்கவில்லை. மெச்சுதலும் வேண்டியிருக்கவில்லை. பொழுது விடியும்போது உள்ளங்கைக்குள் வரும் அந்த இழுப்பு வேண்டியிருந்தது.

"கதையுங்கோ அன்ரி! ஏதாவது சொல்லுங்கோ!"

அருட்செல்வம் ஒலிவாங்கியை அவளுடைய கையில் திணித்தார். செல்வமலர் எழுந்தாள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக, தன் புருசனின் முகத்தைப் பார்க்காமல் சபையைப் பார்த்தாள்.

"எனக்குத் தெர்னா வேணும்," என்றாள். "எனக்குக் கடலுக்குத் திரும்பிப் போகவேணும்."

கைதட்டல் நின்றது. துஷாரா தாயின் தோளிலிருந்த கையை எடுக்காமல், மிக மெல்லிய குரலில், "இனி எங்கை அம்மா..." என்றாள்.